கதிர்வீச்சில் காட்டும் அக்கறை ஹார்மோன் ஊசியில் இல்லை

அதிக அபாயமுள்ள புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் தந்தை கதிர்வீச்சை முடித்துவிட்டு ஹார்மோன் ஊசியைத் தொடர்ந்து வருகிறார். இதே சிகிச்சைக்கு இடம் தேடும் குடும்பங்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கதிர்வீச்சுப் பிரிவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் படும் கதிர் குறைய வேண்டுமென்றால் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள தொழில்நுட்பப் பணியாளர்கள் பொறுமையாக விளக்கினார்கள்; நேரமும் தவறவில்லை.

குறை ஊசியில்தான். வயிற்றுத் தோலுக்கடியில் 12 வாரங்களுக்கு ஒரு முறை செலுத்தப்படும் கோசெரிலின் 10.8 மி.கி. மருந்தை அவர்கள் 'சப்போர்ட் ஊசி' என்றே குறிப்பிட்டார்கள். அது துணை மருந்தன்று, சிகிச்சையில் சரிபாதி. பொல்லா என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் 415 பேரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின் 62 விழுக்காட்டினரும், அதனுடன் மூன்றாண்டுகள் கோசெரிலினும் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். ஊசி மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது: நார்டிக் நாடுகளில் 875 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையுடன் கதிர்வீச்சைச் சேர்த்தபோது பத்தாண்டுகளில் இந்நோயால் இறந்தவர்களின் விகிதம் 23.9இலிருந்து 11.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆறு மாதங்களோடு ஊசியை நிறுத்தியவர்களைவிட மூன்றாண்டுகள் தொடர்ந்தவர்களிடையே இறப்பு குறைவு என்பதும் அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வின் முடிவு. அப்படியிருக்க, கதிர்வீச்சு முடிந்த நாளில் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஊசியின் தேதியை நினைவூட்டக்கூட ஏற்பாடில்லாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. ஒருமுறை மருந்தகத்தில் இருப்பு இல்லாமல் ஊசி தள்ளிப்போனது.

இந்த ஊசி குறைக்க வேண்டிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், முதல் ஊசிக்குப் பின் குறைவதற்கு முன் சில நாட்கள் உயரும், அதைச் சமாளிக்கவே பைகலுட்டமைடு மாத்திரை தரப்படுகிறது என்பதை மருந்துச் சீட்டைக் காட்டி நாங்களே கேட்டுத் தெரிந்துகொண்டோம். இரவில் திடீரென வியர்த்துக் கொட்டியதை என் தாயார் உடற்சூடு என்றெண்ணி இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது ஊசியின் விளைவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எலும்பு அடர்த்தி குறையும், தசை கரையும், எடையும் சர்க்கரையும் கூடும், தாம்பத்திய நாட்டம் போய்விடும் என்பவையெல்லாம் தொடக்கத்திலேயே பேசப்பட வேண்டியவை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையும் நாங்கள் கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள்.

மிக அதிக அபாயமுள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையையும் இரண்டாண்டுகள் சேர்ப்பது பயன் தருவதாக 2022இல் முடிவுகள் வந்துள்ளதால், அது தம் நோயாளிக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கதிர்வீச்சுக்கு ஐந்துக்கு ஐந்து, ஊசிக்காலப் பராமரிப்புக்கு இரண்டு. முதலில் கொடுத்த செலவு மதிப்பீட்டில் கதிர்வீச்சுக் கட்டணம் மட்டுமே இருந்தது. ஊசி எத்தனை மாதங்களுக்கு, ஒவ்வொன்றும் என்ன விலை என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.