ஊட்டி உறைபனிக்குக் கண்ணாடி வராண்டாவா, பாலித்தீன் குடிலா?

நவம்பர் பிறந்தாலே ஊட்டியில் தொட்டிச் செடி வைத்திருக்கிறவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். மேகமும் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் ஆபத்தானது. விடிந்து பார்த்தால் புல்தரை முழுக்க உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும், ஜெரேனியமும் பெகோனியாவும் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடக்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

என் வீட்டில் இரண்டும் உண்டு: பழைய கருங்கல் வீட்டோடு ஒட்டிய கண்ணாடி வராண்டா, பின்பக்கம் இரும்புக் குழாய் வளைத்துக் கட்டிய பாலித்தீன் குடில். நான்கு குளிர்காலமாக இரண்டிலும் தெர்மாமீட்டர் மாட்டிப் பார்த்தபிறகு சொல்கிறேன், ராத்திரிப் பனிக்கு வராண்டாதான்.

பகலில் குடில் சளைத்ததில்லை. வெயில் ஏறினால் சீக்கிரமே உள்ளே 30 டிகிரி வந்துவிடும், வெளிச்சமும் நாலா பக்கமும் விழும், அதனால் மே மாதம் பூக்க வேண்டிய பெட்டூனியா, சால்வியா நாற்றெல்லாம் அங்கேதான் விடுகிறேன். சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கண்ணாடி மறிக்கும், சாதாரண பாலித்தீன் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். சில விடியற்காலைகளில் குடிலுக்குள்ளும் வெளியிலும் ஒரே அளவுதான், பூஜ்ஜியத்தை ஒட்டி. அதே நேரம் வராண்டாவில் 5, 6 டிகிரி இருந்தது. அதற்குக் கண்ணாடி மட்டும் காரணமில்லை, பகல் முழுக்க வெயில் குடித்த கல் சுவரும் அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டுச் சூடும்தான் பெரிய காரணம். போதாக்குறைக்குக் குடிலின் கூரையில் வியர்த்த நீர் சொட்டிச் சொட்டி இலைகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது, ஜூன், ஜூலைக் காற்றில் ஷீட்டும் கிழிகிறது.

வராண்டாவுக்கும் குறை உண்டு. வெளிச்சம் ஒரு பக்கமாக வருவதால் செடி அந்தப் பக்கமே சாயும், வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த வராண்டாவாக இருந்தால் யோகம். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மூன்றரை மணிக்கெல்லாம் ஜன்னலை அடைத்துவிடுங்கள், அப்போதுதான் பகல் சூடு உள்ளே நிற்கும்.

குடில் மட்டுமே இருக்கிறதா? 200 லிட்டர் கருப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி உள்ளே வையுங்கள். அது ராத்திரியில் 5 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை வெளியே விடும். கரி அடுப்பை மட்டும் எங்கேயும் மூட்டி வைக்காதீர்கள், அதுவும் வீட்டோடு ஒட்டிய வராண்டாவில் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு கதவிடுக்கு வழியாகப் படுக்கை அறைக்கு வந்து ஆளைக் கொன்றுவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட்டைப் பாருங்கள். நடுவில் இருக்கும் காற்று கம்பளி போல வேலை செய்யும், கிளை விழுந்தாலும் சட்டென்று உடையாது. விலை கூடுதல், வருஷம் போனால் மஞ்சளாகும், அவ்வளவுதான்.

அப்புறம், காசே செலவில்லாத வழி ஒன்று இங்கேயே இருக்கிறது. 1848-ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் இன்றும் வெளியில் நிற்கும் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியால் மூடித்தான் காப்பாற்றுகிறார்கள், தேயிலைக்குத் தாகை என்கிற செடியை மேலே போடுவார்கள். தரையில் நட்ட செடிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

தொட்டிகளில் ஃபூக்ஷியா, ஜெரேனியம், சினரேரியா, சிம்பிடியம் ஆர்க்கிட் எல்லாம் வராண்டாவுக்கு. ஆப்பிரிக்க வயலெட்டுக்கு அந்தக் குளிரும் ஆகாது, அதைக் கூடத்துக்குள் எடுத்துவிடுங்கள். கிழங்கு பெகோனியா இலை உதிர்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கைக் காய்ந்த மணலில் புதைத்து அலமாரிக்கு அடியில் வைத்தால் போதும், மாசி கடைசியில் தானே முளை காட்டும்.