கிச்சன் கதவுகளுக்கு மர வெனீர் ஒட்டக் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் தருமுன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஒரு அபார்ட்மென்ட் கிச்சன். 14 கதவுகள், எல்லாமே 18-க்கு 24 அங்குலம். பின்பக்கம் பசையுள்ள தேக்கு வெனீர் (தாள்போல் மெல்லிய மரத்தகடு), ரெண்டே நாள் வேலை என்று பேசி ஒட்டிவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிப் போனார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அடுப்போரக் கதவுகளில் மூலை தூக்கிவிட்டது, சிங்க் அடிக் கதவு உப்பிவிட்டது. கேட்டால், ஈரத்துணியால் துடைத்தது தப்பாம்.

தூக்கிய மூலையைத் திருப்பிப் பார்த்தாலே உண்மை தெரியும். பசை மொத்தமும் வெனீரோடு வந்திருக்கிறது. அதில் மஞ்சளாய் எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் பழைய சன்மைக்கா கீறல் இல்லாமல் பளபளக்கிறது. உப்புத்தாள் படவே இல்லை. அந்த வழவழப்பில் எவ்வளவு நல்ல பசையும் பிடிக்காது.

செய்ய வேண்டியது இதுதான். கைப்பிடி, கீல் கழற்றி, பிசுக்கு போகக் கழுவிக் காயவிட வேண்டும். 120 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, தூசியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பூச்சில்லாத வெறும் மரமோ எம்டிஎஃபோ (மரநார்ப் பலகை) என்றால் முதலில் சீலர் (துளையடைக்கும் பூச்சு) அடிக்காமல் பசை நிற்காது. ஒட்டியபின் கையால் தடவினால் போதாது. மழுங்கிய மரக்கட்டையின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி இழுக்க வேண்டும். மேலே பாலிஷ் மெல்லிய கோட்டாகத்தான் போக வேண்டும். தின்னர் அதிகமானால் ஊடுருவிப் பசையை இளக்கும், குமிழ் வரும்.

சிங்க் அடியில் பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) ஏற்கெனவே ஊறியிருந்தால் வெனீர் ஒட்டுவதே வீண். அந்தக் கதவை மாற்றியாக வேண்டும். இதைச் சொல்லாமல் ஒட்டிக் காசு வாங்குவது ஏமாற்றுதான்.

ஷீட் கணக்கிலும் கவனம். 14 கதவு 42 சதுர அடி, எட்டுக்கு நாலு ஷீட் ரெண்டு போதும் என்று தோன்றும். ஆனால் கதவில் மர ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும், ஓரம் வெட்ட அரை அங்குலம் கூடுதலும் வேண்டும். அப்படி வெட்டினால் ஒரு ஷீட்டில் ஆறு கதவுதான், ஆக மூணு ஷீட். இந்த வீட்டில் மூணுக்குப் பணம் வாங்கி ரெண்டில் முடித்திருக்கிறார்கள். ரெண்டு கதவில் ரேகை குறுக்கே ஓடுகிறதே, அதுதான் சாட்சி.

வந்திறங்கும் ஷீட்டின் மூலையை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். மரமென்றால் மரத்தூள் வரும். ரேகை அழிந்து வெள்ளை தெரிந்தால் அது அச்சடித்த பிவிசி, இறக்கவே விடாதீர்கள்.

தூக்கிய மூலைக்குள் பசை ஏற்றித் தருகிறோம் என்பார்கள். அடியில் பிசுக்கு இருக்கும்வரை அது நிற்காது; உரித்து, தேய்த்து, புது ஷீட் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பில், போட்டோக்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு அங்கே கட்டணம் கிடையாது.