வீட்டிலேயே பவுடர் கோட்டிங் செய்து தருபவரிடம் வால்வு கவரைக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துப் பழைய காரையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது என்று முடிவெடுத்தவர்கள், இன்ஜினைத் திறந்து வேலை பார்க்கும்போது வால்வு கவர் (இன்ஜினின் மேல்மூடி), ஆல்டர்னேட்டர் பிராக்கெட் (மின்னாக்கியைத் தாங்கும் பிடி) போன்றவற்றுக்கும் பவுடர் கோட்டிங் முறையில், அதாவது வண்ணத் தூளைப் படியவைத்து அடுப்பில் சுட்டு, புது நிறம் பூசிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் வால்வு கவரையும் இரண்டு பிராக்கெட்டுகளையும் கொடுத்தேன். கூலி 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முழுத் தொகையையும் பேநவ் என்னும் மின்பணப் பரிமாற்றம் வழியாக முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பிளாஸ்டிங் செய்து (அதாவது நுண்ணிய மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசிப் பரப்பைச் சுத்தமாக்கி), பூச்சு படக்கூடாத இடங்களை மறைத்து, முறைப்படி சுட்டுத் தருவதாக விளம்பரத்திலும் எழுதியிருந்தார், குறுஞ்செய்தியிலும் உறுதி கூறினார்.

திரும்பி வந்தபோது கவர் சிவப்பாக, பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. இதில் பெரிய சிக்கலே அந்த அழகுதான். பவுடர் கோட்டிங்கில் தரம் என்பது பூசுவதற்கு முன்பு நடக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலை நடந்ததா என்பதை மேலே தெரியும் பளபளப்பு ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

சின் மிங்கில் பட்டறை வைத்திருக்கும் என் மெக்கானிக், கவரைக் கையில் வாங்கியதும் நிறத்தைப் பார்க்கவே இல்லை. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தவர், பிறகு அதை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துத் தட்டினார். ரவையைப் போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் தாளில் கொட்டின. "தம்பி, இதை நான் மாட்ட மாட்டேன். நாளைக்கு இன்ஜின் ஜாம் ஆனா என்னையத்தான் கேப்பீங்க" என்றார்.

அந்த மணிகள் எங்கிருந்து வந்தன என்பதை விளக்க வேண்டும். வால்வு கவரின் உட்புறத்தில் பேஃபிள் எனப்படும் ஒரு தகடு இருக்கும். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து மேலேறி வரும் வாயுவோடு கலந்த எண்ணெய்த் துளிகளைப் பிரித்து மீண்டும் கீழே விடுவதே அதன் வேலை. அந்தத் தகட்டைக் கழற்றாமல் பிளாஸ்டிங் செய்தால், மணிகள் காற்றோடு அதன் பின்னால் புகுந்து, பழைய எண்ணெய்க் கசடில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் முழுவதும் வெளியேறாது. இன்ஜின் சூடானதும் புது எண்ணெய் அந்தக் கசடைக் கரைக்கும். மணிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்கும் எண்ணெய்ப் பம்புக்கும் போகும். சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கின் மென்மையான உலோகத்தில் கண்ணாடித் துணுக்கு பதிந்தால் அது ஷாஃப்ட்டையே தேய்த்துக் கீறத் தொடங்கும்.

சில கார்களில் பேஃபிள் ரிவெட் அடித்து வரும். அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதால் தயங்குவதில் ஓரளவு நியாயம் உண்டு. என் கவரில் இருந்தவை சாதாரணத் திருகாணிகள். அவற்றின் தலையைச் சுற்றிக் கருகிப் படிந்திருந்த பழுப்பு நிற எண்ணெய்ப் படலம், கொடுப்பதற்கு முன் நான் எடுத்த படத்தில் இருந்தபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. திருப்புளி அங்கே படவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாக வெளிவந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில் பவுடர் தேங்கி இறுகியிருந்தது. ஸ்பார்க் பிளக் குழாய்ச் சீல்கள் பொருந்தும் துளைகளின் உட்சுவரிலும் பூச்சு இருந்தது. பவுடர் பூச்சின் தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துல்லியமாகப் பொருந்த வேண்டிய துளையில் அது சிறிய அளவு அன்று. போல்ட்டின் வாஷர் அமரும் இடத்தில் பூசினாலும் கெடுதல்தான், ஏனெனில் சூட்டில் பூச்சு நசுங்க நசுங்க போல்ட்டின் இறுக்கம் தளரும். இவ்விடங்களை உயர் வெப்பம் தாங்கும் சிலிக்கான் அடைப்பான்களாலும் பாலிமைடு டேப்பாலும் மறைப்பது இத்தொழிலின் அரிச்சுவடி. பிராக்கெட் ஒன்றில் எர்த் ஒயர் தொடும் முகத்தையும் சேர்த்துப் பூசியிருந்தார். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது.

கவரின் மேற்புறத்தில் ஊசி முனை அளவு குழிகளும் சில கொப்புளங்களும் இருந்தன. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருக்கும். பூசுவதற்கு முன்பு பாகத்தை வெறுமனே ஒருமுறை, பூச்சைச் சுடும் வெப்பத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, அந்த எண்ணெயை வெளியேற்றித் துடைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சுடும்போது வாயு வெளியேறிப் பூச்சைத் துளைத்துவிடும்.

கடைசியாக மெக்கானிக் ஒரு துணியில் பெட்ரோலை நனைத்துப் போல்ட் துளையைச் சுற்றித் தேய்த்தார். துணி சிவந்தது. முழுமையாக இறுகிய பூச்சு இப்படிக் கரையாது. பெரும்பாலான பவுடர்களுக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடங்கள் தேவை. ஆனால் அந்த நேரத்தை அடுப்பின் காற்று சூடானதிலிருந்து கணக்கிடக்கூடாது, உலோகமே அந்தச் சூட்டை எட்டியதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். போல்ட் துளையைச் சுற்றிய தடித்த பகுதி தாமதமாகத்தான் சூடேறும். அவர் பயன்படுத்தியது சமையலறை ஓவன் என்பது, அவரே அனுப்பிய படத்தில் பின்னணியில் தெரிந்தது. (அதே ஓவனில் இப்போதும் ஏதாவது சமைக்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. காற்றில் பறக்கும் பவுடர் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதை அவருடைய அண்டை வீட்டார் அறிவார்களா என்பதும் தெரியவில்லை.)

புகார் சொன்னபோது அவர் தந்த பதில்: "அண்ணே, நான் எடுத்தது கலர் வேலை. உள்ள இருக்கிறதைக் கழட்டுறது மெக்கானிக் வேலை." பிளாஸ்டிங்கும் மறைத்தலும் சேர்த்தே கூலி என்று அவர் எழுதிய செய்தியை அனுப்பியதும், மீண்டும் பிளாஸ்டிங் செய்து இலவசமாகப் பூசித் தருவதாகச் சொன்னார். பேஃபிளைக் கழற்றுவீர்களா என்று கேட்டதற்கு விடை வரவில்லை. பணத்தைக் கேட்டபின் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ஆனால் என் கவரின் படம் அவருடைய விளம்பரத்தில் மாதிரியாக இன்னும் இருக்கிறது.

ஆகவே, இப்படி ஒருவரிடம் கொடுக்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பு, பேஃபிளை எப்படிக் கழற்றுவார், எந்தெந்த இடங்களை எதனால் மறைப்பார், வெறும் பாகத்தை முன்கூட்டிச் சூடாக்குவாரா, உலோகத்தின் வெப்பத்தை எதனால் அளக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். வேலை தெரிந்தவர் இவற்றுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வார். பிளாஸ்டிங் முடிந்து, பூசுவதற்கு முன்பு இருக்கும் நிலையில் உட்பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்; முழுத் தொகையை முன்னால் கொடுக்காதீர்கள். கவர் மெக்னீசியக் கலவையால் ஆனது என்றால் வீட்டில் வேலை செய்பவரிடம் கொடுக்கவே வேண்டாம், அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

நான் பயனீட்டாளர் சங்கத்தை அணுகிய பிறகு, சிறு தொகைக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துள்ளேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். விளம்பரத்தின் படம், செய்திகள், பணம் கட்டிய சான்று, தாளில் கொட்டிய மணிகள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டில் பூசிய கவரை ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், கவரை இறக்கிப் பேஃபிளின் பின்புறத்தைப் பார்க்கும்வரை இன்ஜினை இயக்காமல் இருப்பது நல்லது. அங்கே ஒரு மணி கண்ணில் பட்டாலும் எண்ணெயை வடித்துவிட்டு, எண்ணெய் ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.