ஹேர்லன் மைன்வாட்டர்: சுரங்கத் தண்ணீரில் வீடு சூடாக்கும் சேவை எப்படி?

நெதர்லாந்தின் தெற்கே லிம்பர்க் மாகாணத்தில் உள்ள ஹேர்லன், நிலக்கரியால் வளர்ந்த ஊர். நாட்டின் வடக்கே உள்ள குரோனிங்கனில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் கரிக்கு மவுசு போனது. சுரங்கங்களை மூடுவதாக 1965-இல் அரசு அறிவித்தது. கடைசிச் சுரங்கம் 1974 டிசம்பரில் மூடப்பட்டது. பிறகு அந்தப் பாதைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது. 2008-இலிருந்து அதே தண்ணீரைக் கொண்டு குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள், கோடையில் குளிர்விக்கிறார்கள்.

சுமார் 700 மீட்டர் ஆழத்திலிருந்து 28 டிகிரி தண்ணீரும், சுமார் 250 மீட்டரிலிருந்து 16 டிகிரி தண்ணீரும் வருகின்றன. 700 மீட்டர் என்றதும் பம்ப் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சுரங்கம் நிரம்பியிருப்பதால் நீர்மட்டம் கிணற்றின் அடியிலிருந்து வெகு மேலே நிற்கிறது. அந்த மட்டத்திலிருந்து ஏற்றினால் போதும். ஒரு கன மீட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிரவைத்தால் 1.16 யூனிட் வெப்பம் கிடைக்கும். மணிக்கு 50 கன மீட்டர் எடுத்து 10 டிகிரி குறைத்தால் 580 கிலோவாட். பெரிய அலுவலகத்துக்குத் தாராளமாகப் போதும்.

28 டிகிரியை வைத்து நேரடியாக அறையைச் சூடாக்க முடியாது. குறைந்த சூட்டை எடுத்து மின்சாரத்தால் உயர்த்தித் தரும் ஹீட் பம்ப்தான் அதை 40 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகிறது; அதற்கான மின்சாரச் செலவு உண்டு. ஆனால் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப், உறைபனி நாளில்தான் அதிகம் திணறும். இங்கே மூலத்தின் வெப்பநிலை ஜனவரியிலும் ஏறக்குறைய அதேதான். இந்தச் சேவையின் பெரிய பலம் இது.

தொடக்க வடிவமைப்பில் ஒரு அடிப்படைக் குறை இருந்தது. சூடாக்கப் போன தண்ணீர், குளிர்விக்கப் போன தண்ணீர் இரண்டையும் ஒரே கிணற்றில் திருப்பிவிட்டார்கள். எடுத்தது எடுத்த இடத்துக்குத் திரும்பவில்லை. அப்படியே தொடர்ந்திருந்தால் வெப்ப இருப்பும் குளிர் இருப்பும் மெல்லக் கரைந்திருக்கும். இரண்டாம் கட்டத்தில் இதைத் திருத்தி, சுரங்கத்தைச் சேமிப்புக் கிடங்காக மாற்றினார்கள். டேட்டா சென்டர் வெளியேற்றும் வெப்பம் முதலில் பக்கத்துக் கட்டடங்களுக்குப் போகிறது; மிஞ்சியது சுரங்கத்துக்கு இறங்குகிறது. எங்கள் பார்வையில் இந்தச் சேவை நம்பத்தக்கதாக ஆனது இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான். ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தச் சுரங்கமும் தாங்காது.

கவனமாகப் பார்க்க வேண்டியது வெப்பமாற்றி; சுரங்கத் தண்ணீரின் சூட்டை மெல்லிய தகடுகள் வழியே கட்டடத்தின் தண்ணீருக்குக் கடத்தும் கருவி இது. சுரங்கத் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது காவி நிறச் சேறாகப் படிந்து, தகடுகளுக்கு நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியை அடைத்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் காற்றுப் புகாத அழுத்தக் குழாயில் ஓட்ட வேண்டும். கட்டடத்துக்குள் ஓடும் தண்ணீருடன் அது கலக்கவும் கூடாது. சுரங்கத் தண்ணீர் வெப்பமாற்றிக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அழுத்தமானி காட்டும் அளவைத் தவறாமல் குறித்து வையுங்கள். ஓட்டம் மாறாமல் அழுத்த இழப்பு மட்டும் கூடினால் படிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழுக்க அடைக்கும் வரை காத்திருக்காமல் உடனே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. தரைக்கடியில் குழாய் பதித்த, சுவரும் கூரையும் வெப்பம் வெளியேறாதபடி நன்றாகக் காப்பிடப்பட்ட வீட்டுக்கு 35 டிகிரி தண்ணீரே போதும். அங்கே இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்போம். 70, 80 டிகிரிக்குக் கணக்குப் போட்டு மாட்டிய சிறிய ரேடியேட்டர்கள் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைகள்) உள்ள பழைய வீட்டுக்கு இரண்டுதான். அங்கே முதலில் காப்பு வேலையை முடித்து, ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டும். தரைச் சூடாக்கம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மதியம் வரை குளிர்தான்; ஒரே அளவில் ஓட விடுங்கள்.

குளியல் நீர் தனிக் கதை. நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூடுதல் சூட்டைத் தருவது எந்தக் கருவி, அதன் மின் கட்டணம் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். எரிவாயுவோடு ஒப்பிடும்போது யூனிட் விலையை மட்டும் எடுக்காமல், இணைப்புக் கட்டணம், மாதாந்திர நிலைக் கட்டணம், இனி வாங்கத் தேவையில்லாத பாய்லரின் விலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கோடைக் குளிர்ச்சியும் வேண்டுமென்றால் அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பின்னால் சேர்க்க நினைத்தால் குழாய் வேலையை மறுபடி தொட வேண்டிவரும்.