திருப்பூர் லைன் வீடா, கோவை ஃப்ளாட்டா, ரோட்டோரக் கடையா?

என் சின்ன மாமாவுக்குப் பாகம் பிரித்ததில் 60 லட்சம் ரூபாய் வந்தது. அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். "விலை ஏறுமா, இறங்குமாங்கறதெல்லாம் எனக்கு வேண்டாம் மாப்ளே. மாசம் பொறந்தா கையில காசு வரணும், அவ்வளவுதான்" என்றார். இருப்பது பல்லடத்தில். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னதில் மூன்று மிஞ்சின: திருப்பூரில் லைன் வீடு, கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஃப்ளாட், திருப்பூரிலேயே மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கடை. மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். கீழே வரும் தொகைகள் நாங்கள் கேட்ட விலை, வாடகையை ஒட்டிக் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தெருவில் மாறும்.

லைன் வீடு என்றால் இந்தப் பக்கம் நாலு அறை, அந்தப் பக்கம் நாலு, நடுவில் நடை, கோடியில் பொதுக் குளியலறையும் கழிப்பறையும். ஓர் அறைக்கு 4,500 என்றால் எட்டு அறைக்கு மாதம் 36,000, வருடம் 4,32,000. போட்ட பணத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல். புரோக்கர் இதோடு நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்தக் கூடாது. எப்போதும் ஓர் அறை காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 54,000 போகிறது. தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க், மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 50,000. சொத்து வரிக்கு 13,000. மிச்சம் 3,15,000, அதாவது ஐந்தேகால் சதவீதம்.

ஃப்ளாட்டுக்கு மாதம் 17,000 வாடகை. ஒரு மாதக் காலி, வரி, பெயின்ட் போக வருடத்துக்கு 1,71,000 நின்றது. மூன்று சதவீதம்கூட இல்லை. இதையே 45 லட்சம் கடன் போட்டு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை 39,000 ரூபாய். வாடகை போக மாதம் 22,000 கையிலிருந்து போட வேண்டும். "வரியில மிச்சமாகும்" என்பார்கள். புதிய வரிமுறையில் வீட்டுக் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளும் சலுகை லைன் வீட்டுக்கும் உண்டு, கடைக்கும் உண்டு. அதனால் வரியைக் காரணம் காட்டி ஃப்ளாட் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளியூரில் இருப்பவருக்கு ஃப்ளாட்தான் நிம்மதி, அதை மறுக்க மாட்டேன்.

கடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாதம் 22,000, வருடத்துக்கு 2,64,000. நல்ல ஆள் அமைந்தால் உள்வேலையை அவரே செய்துகொள்வார், வருடக்கணக்கில் நகர மாட்டார். காலியானால் ஆறு மாதம் ஷட்டர் இறங்கியே கிடக்கும். மாச வருமானத்தை நம்பி இருப்பவருக்கு அந்த ஆறு மாதம் ரொம்ப நீளம்.

அப்படியானால் லைன் வீடுதானே என்று மாமா எழுந்துவிட்டார். நான்தான் உட்கார வைத்தேன். எட்டுக் குடித்தனம் இருந்தால் ஒன்று போனாலும் ஏழு நிற்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் டெய்லர், ஒருவர் செக்கிங், ஒருவர் அயர்ன், இன்னொருவர் சாயப்பட்டறை. எட்டுப் பேருக்கும் சோறு போடுவது ஒரே பனியன் தொழில். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரில் வரிசையாக வீடுகள் காலியாகின. 2020 ஊரடங்கில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோதும் அதே கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறையும் பயம் முதலில் வந்தது பனியன் கம்பெனிக்கு, அடுத்து வந்தது லைன் வீட்டுக்காரருக்கு. கடைக்காரரும் இதில் தப்ப முடியாது, சனிக்கிழமைச் சம்பளம்தான் அவருக்கும் வியாபாரம்.

அடுத்தது உழைப்பு. ஃப்ளாட்டைவிடக் கூடுதலாக வரும் அந்த இரண்டரை சதவீதம் சும்மா வருவதில்லை. தண்ணீர் வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். தீபாவளிக்குப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வருவாரா என்று பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். பல்லடத்திலிருந்து மாமாவால் ஓடி வர முடியும். சென்னையில் இருக்கும் என்னால் முடியாது. ஆள் வைத்தால் அந்த இரண்டரையில் பெரும்பகுதி அவருக்கே போய்விடும்.

பத்திரச் செலவையும் மறக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5,40,000. லைன் வீட்டின் 20 மாத நிகர வாடகைக்கும் மேல். வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம். பழைய லைன் வீடுகள் பலவற்றுக்குக் கட்டட அப்ரூவல் கிடையாது. வங்கி கடன் தராது, நாளை வாங்க வருபவருக்கும் தராது.

எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை இருந்த ஒரு இடத்தைப் பார்த்ததும் அத்தை, "இதுல வர்ற காசு நமக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதே மனசுதான். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் விடியற்காலையில் வரிசையில் நிற்கும் வீட்டுக்கு நாம் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

அதனால் இப்போது நான்காவதாக ஒன்றைப் பார்க்கிறோம். திருப்பூரிலேயே '15 வேலம்பாளையம்' என்ற பகுதியில் மேலும் கீழுமாக நாலு போர்ஷன், உள்ளேயே கழிப்பறை, தனித்தனி ஈபி இணைப்பு. போர்ஷனுக்கு 7,500 என்றால் மாதம் 30,000. லைன் வீட்டைவிட 6,000 குறைவு. ஆனால் குடும்பமாக வருபவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள், சட்டென்று கிளம்புவதில்லை. தனி மீட்டர் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நேராக அவர்களுக்கே போகிறது. ஒரே மீட்டரில் சப்-மீட்டர் போட்ட வீட்டில் அது கிடைப்பதில்லை.

விற்பவர் "ஒரு நாள்கூடக் காலியா இருந்ததில்லைங்க" என்கிறார். மாமாவிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: நாலு ஈபி இணைப்பு எண்களையும் வாங்கி, இரண்டு வருட ரீடிங்கைப் பாருங்கள். ஆள் இல்லாத வீட்டில் யூனிட் ஓடாது. நேற்றுவரை இரண்டு எண்தான் கைக்கு வந்திருக்கிறது. மற்ற இரண்டும் வராமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று மாமா சொல்லிவிட்டார்.