ராம் பழுதுக்கு பவர் சப்ளையை விற்றார்கள்: கொழும்பில் கணினி திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மேசைக் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது என்று கொழும்பில் ஒரு கடைக்குத் திருத்தக் கொண்டுபோகும் எவரும், "ராமைச் சோதித்தீர்களா? சோதித்த திரையைக் காட்டுங்கள்" என்று முதலில் கேளுங்கள். ராம் என்பது, கணினி வேலை செய்யும்போது தரவுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பலகை. அதற்குப் பதில் வரும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். காலி வீதியை ஒட்டிய ஒரு கடையில் எனக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்புச் செய்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், எல்லாவற்றுக்கும் மேலாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர்கள். துயரத்தில் இருக்கும் குடும்பத்தவர்கள் பழைய படங்களைத் தேடியெடுத்து நம்பித் தருகிறார்கள். அந்தியேட்டி நாளைத் தள்ளிப்போடவும் முடியாது. அப்படியான வேலைக்கு நடுவில்தான் கணினி தடுமாறத் தொடங்கியது. முதலில் உலாவியின் பக்கங்கள் காரணமின்றி மூடிக்கொண்டன. பிறகு, வெளிநாட்டிலிருந்து சுருக்கிய கோப்பாக வந்த படத்தொகுப்பை விரிக்கும்போது கோப்பு சிதைந்துள்ளது என்ற செய்தி வந்தது. அதே கோப்பு என் கைபேசியில் குறையின்றி விரிந்தது. கடைசியில் நீலத்திரை. ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட் என்றது, இன்னொரு முறை பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா என்றது, அடுத்த முறை வேறொன்று. பிழைச்செய்தி இப்படி ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருப்பது ராமைச் சந்தேகிக்க வேண்டிய முக்கியமான அறிகுறி என்பது, இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

நீலத்திரைகளைக் கைபேசியில் படமெடுத்துக் கடையில் காட்டினேன். அவர்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை. விண்டோஸ் கெட்டுவிட்டது என்று சொல்லி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஃபோர்மட் செய்து, 3,500 ரூபாய் வாங்கினார்கள். வேலைக் கோப்புகளை நான் எப்போதும் வெளி டிஸ்க்கில் வைப்பதால் அவை தப்பின. ஆனால் பாமினி உட்பட, ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்களும் மென்பொருள் அமைப்புகளும் போயின. வீட்டுக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கியவுடன் மீண்டும் அதே நீலத்திரை. திரும்பக் கொண்டுபோனபோது பவர் சப்ளை பலவீனம் என்றார்கள். புதிய பவர் சப்ளைக்கு 18,500 ரூபாய். அதன் பிறகும் தடுமாற்றம் நிற்கவில்லை. இப்போது மதர்போட் போய்விட்டது, இந்த மாதிரிக்குப் புதிய போட் கிடைக்காது, போட்டையும் புரொசெசரையும் சேர்த்து மாற்றினால்தான் சரிவரும் என்று ஒரு விலைமதிப்பீட்டை எழுதி நீட்டினார்கள்.

அப்போதுதான் ராமைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "அக்கா, ராம் பழுதென்றால் மெஷின் ஒன் ஆகவே ஆகாது. உங்கட மெஷின் ஒன் ஆகுது தானே?"

இந்த ஒரு பதிலை வைத்தே பலரிடம் பணம் கறக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். ஆகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ராம் முழுவதுமாகச் செத்துவிட்டால் கணினி திரைக்கே வராது, பீப் ஒலி மட்டும் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் 8 ஜிபி ராம் ஒன்றில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியொன்றில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அவற்றுள் சில மட்டும் அந்த இடைவெளிக்குள் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க முடியாமல் போனால், கணினி ஒழுங்காகவே ஒன் ஆகும், விண்டோஸும் வரும், பாட்டும் கேட்கலாம். அந்தக் கெட்ட இடத்தில் எது வந்து அமர்கிறதோ அதுதான் பாதிக்கப்படும்: இன்றைக்கு உலாவி, நாளைக்குப் படம், மறுநாள் விண்டோஸின் உட்பகுதி. வழக்கமான வீட்டுக் கணினிகளின் ராம், சேர்வர்களில் இருப்பதுபோல் தன் பிழையைத் தானே கண்டு திருத்துவதில்லை. தவறான மதிப்பை அப்படியே சரியென்று கொடுத்துவிடும். இந்த நிலையில் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும், போடும்போதே கோப்புகள் அந்தக் கெட்ட ராமின் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன.

மதிப்பீட்டில் கையெழுத்திடாமல் கணினியை வாங்கி வந்தேன். என் அக்காவின் மகன் வந்து, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே கணினியைத் தொடக்கினான். அது ராமின் ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிட்ட வடிவங்களை எழுதித் திரும்ப வாசித்து ஒப்பிடுகிறது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையின் கீழ்ப்பாதியில் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. "சித்தி, இதைப் பாருங்கோ" என்று விரலால் காட்டினான்: ஒவ்வொரு வரியிலும் எழுதிய மதிப்பும் வாசித்த மதிப்பும் அருகருகே இருந்தன, மதிப்பின் எட்டு எழுத்துகளில் ஏழு அச்சொட்டாகப் பொருந்தின, வேறுபட்டது ஒன்றே ஒன்று, எல்லா வரிகளிலும் அதே எழுத்து. கடையில் ஒருவருமே பார்க்க முன்வராத பழுது அந்தத் திரையில் வரிவரியாகத் தெரிந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) இயங்கிக்கொண்டிருந்ததால், அதுதான் காரணமோ என்று அறிய அதை நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தான். பிழைகள் குறைந்தன, ஆனால் மறையவில்லை. பிறகு மின்னிணைப்பைக் கழற்றி, கேசிங்கின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கி, இரண்டு ராம்களில் ஒன்றை மட்டும் வைத்து முழுச் சுற்றும் ஓடவிட்டான். அது சுத்தமாக வந்தது. அதே ஸ்லொட்டில் மற்றதை வைத்ததும் சிவப்பு வரிகள் வந்தன. அதன் தொடுமுனைகளைத் துடைத்து வேறு ஸ்லொட்டில் வைத்தான், அங்கும் வந்தன. பிழை ராமோடு சேர்ந்தே இடம் மாறுகிறது என்றால் பழுது ராமில்தான். எந்த ராமை வைத்தாலும் குறிப்பிட்ட ஒரு ஸ்லொட்டில் மட்டும் பிழை வந்திருந்தால், மதர்போட்டையோ புரொசெசரையோ சந்தேகிப்பதில் நியாயம் இருந்திருக்கும். கடைக்காரர்கள் மாற்றச் சொன்ன மதர்போட்டின் மேல் ஒரு குறையும் இல்லை.

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை; நேரம் மட்டும் வேண்டும். 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம், சில பழுதுகள் ராம் சூடேறிய பிறகே தலைகாட்டும் என்பதால் இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. ஏற்கத்தக்க முடிவு பூச்சியம் பிழை மட்டுமே. "இரண்டு மூன்று வந்தால் பரவாயில்லை" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னொஸ்டிக் பிழை காட்டினால் அதை ஏற்கலாம். காட்டாவிட்டால் ராம் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, அது அவ்வளவு கடுமையான சோதனையல்ல.

பவர் சப்ளையாலும் கணினி தடுமாறும் என்பதை நான் மறுக்கவில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் நம் ஊரில் அது நியாயமான சந்தேகமே. ஆனால் திருத்தும் கடையில் நல்ல பவர் சப்ளை ஒன்று சோதனைக்கென்று இல்லாமலா இருக்கும்? அதைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்து, தடுமாற்றம் நின்றால் மட்டும் புதியதை விற்பதுதான் முறை. என் விடயத்தில் சந்தேகத்துக்கே விலை வாங்கினார்கள். கழற்றிய பழைய பவர் சப்ளையை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நல்ல ராமோடு அதையே மாட்டி இயக்கினால், நாள் முழுவதும் வேலை செய்தும் ஒரு தடங்கலும் இல்லை.

பணத்தை விடவும் என்னை வருத்தியது வேறொன்று. கணினி தடுமாறிய காலத்தில் சேமித்த ஒரு நினைவு மலரின் கோப்பைத் திறந்தபோது, காலமான அம்மாவின் படத்தில் நெற்றிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையொன்று ஓடியிருந்தது. மூலப்படம் வெளி டிஸ்க்கில் இருந்ததால் சரிசெய்ய முடிந்தது. அச்சகத்துக்கு அப்படியே போயிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? ராமில் சந்தேகம் எழுந்த நேரத்திலிருந்து அந்தக் கணினியில் எந்தக் கோப்பையும் பிரதியெடுக்கவோ சேமிக்கவோ வேண்டாம். பிரதியும் சிதைந்தே போகக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பிரதியெடுங்கள்.

பழுதான ராமுக்கு விற்றவரின் உத்தரவாதம் இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதைச் சொல்லும்போதுதான் கோபம் அதிகமாகிறது. முதல் நாளே சோதித்திருந்தால் எனக்கு ஒரு ரூபாயும் செலவாகியிருக்காது. அதுமட்டுமல்ல, விற்ற கடை திகதியிட்டு ஒட்டியிருந்த உத்தரவாத ஸ்டிக்கர் அந்த ராமில் இல்லை. பசை படிந்த தடம் மட்டும் இருந்தது. திருத்தக் கொடுக்கும் முன் கேசிங்கைத் திறந்து நான் எடுத்த படத்தில் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிகிறது. நல்லவேளையாக, வாங்கிய பற்றுச்சீட்டில் இரண்டு ராம்களின் தொடர் இலக்கங்களும் எழுதப்பட்டிருந்தன. தயாரிப்பாளரின் லேபலில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, விற்றவர் சோடியாகவே மாற்றித் தந்தார். சோடியாக வாங்கியதை மாற்றப் போகும்போது இரண்டையும் கொண்டுபோங்கள். தொடர் இலக்கம் எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள், கணினியைக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதைப் படமெடுங்கள், பெறுகைச் சீட்டில் உதிரிப்பாகங்களின் விவரத்தை எழுதச் சொல்லுங்கள்.

திருத்தக் கொடுத்த கடையில் இவற்றைக் காட்டிக் கேட்டபோது, பாவித்த பவர் சப்ளையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். ஸ்டிக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார்கள். ஆகவே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்தேன். பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பதால், "நாளைக்கு வாருங்கள், முதலாளி இல்லை" என்று இழுத்தடிக்கும் கடைகளிடம் அந்தக் காலத்தைக் கரைத்துவிட வேண்டாம். வழிகாட்டல் வேண்டுமானால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். என் முறைப்பாட்டுடன் இரண்டு பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும், மதர்போட்டுக்கான விலைமதிப்பீட்டையும், ஸ்டிக்கர் இருந்தபோதும் இல்லாதபோதும் எடுத்த படங்களையும், மெம்டெஸ்ட் திரையின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பவர் சப்ளைக்கும் ஃபோர்மட்டுக்கும் வாங்கிய 22,000 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.