பாய்மரப் படகில் வாழ்க்கை: நண்பர்கள் கிடைப்பார்களா?

படகையே வீடாக்கிக்கொண்டு கடல் கடலாகப் போகிறோம் என்று சொன்னால், "தனியா இருக்கிற மாதிரி தோணாதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல ஆண்டுகள் இப்படி வாழ்ந்துவிட்டுச் சொல்கிறேன், கரையில் இருந்தபோது எனக்கு இத்தனை சிநேகிதர்கள் இருந்ததில்லை.

பேச்சு பெரும்பாலும் நங்கூரத்தில்தான் ஆரம்பிக்கும். காற்று திரும்பினால் நங்கூரச் சங்கிலியின் நீளத்துக்கு ஏற்பப் படகுகளும் சுற்றும், ஒன்றோடொன்று மோதக்கூடாது. அதனால் புதிதாக வந்தவர் டிங்கியில் (பெரிய படகோடு வைத்திருக்கும் சின்னப் படகு) பக்கத்துப் படகுக்குப் போய், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கீங்க?" என்று கேட்பார். அங்கிருந்து என்ஜின் தொல்லை, பேட்டரி, அடுத்த ஊர் என்று பேச்சு நீளும். சாயங்காலம் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு யாராவது ஒருவர் படகில் கூடிவிடுவோம். படகுகளைக் கட்டிவைக்கும் துறையான மெரினாவில் இந்த ஒட்டுதல் குறைவு என்பது என் அனுபவம். அங்கே கரண்டும் தண்ணீரும் கட்டிய இடத்துக்கே வந்துவிடுவதால், பக்கத்துப் படகுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை.

ஒருநாள் திடீர்ப் புயல்காற்றில், ஆளில்லாத படகு ஒன்று நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் டிங்கிகள் பாய்ந்தன. ஒருவர் ஏறி இன்னும் சங்கிலி விட்டார், மற்றவர்கள் பக்கத்துப் படகில் இடிக்காமல் தள்ளிப் பிடித்தார்கள். நங்கூரம் பிடித்த பிறகும், உரிமையாளர் வரும்வரை ஒருவர் நனைந்த உடையோடு அந்தப் படகிலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் உரிமையாளரும் முன்பின் பார்த்ததே இல்லை.

பனாமா கால்வாயில் இந்த உதவி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சிறு படகு கடக்க, ஓட்டுபவர் தவிரக் கயிறு பிடிக்க 4 பேர் வேண்டும் என்பது அங்கே விதி. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் படகில் அத்தனை பேருக்கு எங்கே போவது? ஆகவே உங்கள் படகுக்கு நான், என் படகுக்கு நீங்கள். கால்வாய் வழியில் இருக்கும் காட்டூன் ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலே இருக்கிறது. படகை அந்த உயரத்துக்கு ஏற்ற, லாக் என்ற கதவு போட்ட தொட்டியில் தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கி ஏறும்போது, நாலு மூலையிலும் கயிற்றைத் தொய்யவிடாமல் சேர்ந்து இழுக்க வேண்டும். அப்படிக் கயிறு பிடித்தவர்களோடு இன்றும் தொடர்பில் இருக்கிறேன்.

குறை என்றால் பிரிவுதான். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது நெருங்கினால் கரீபியனில் கூடியிருந்தவர்கள் வடக்கும் தெற்குமாகச் சிதறிவிடுவார்கள். குழந்தைகளுக்கு இது ரொம்பக் கஷ்டம். கூட்டாளியோடு இன்னும் சில நாள் விளையாடட்டும் என்று வழியை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் நிறைய.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கிளம்பும் நாளை மட்டும் நட்புக்காக முடிவு செய்யாதீர்கள். நண்பர்களின் படகு பெரிதாக இருக்கலாம், கையாள ஆள் அதிகம் இருக்கலாம். வானிலை சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், "நீங்க போங்க, நாங்க ரெண்டு நாள் கழிச்சு வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.